மலை ஓடிய தூரம்

2016 மே 17ஆம் திகதி பின்னேரம் கேகாலை மாவட்டத்து அரநாயக்கவில் சாமசர மலையின் ஒரு பக்கம் பெயர்ந்தது. அதற்கு முந்திய மூன்று நாட்களில் அங்கே 400 மில்லிமீற்றருக்கும் மேல் மழை கொட்டியிருந்தது. பின்னால் ‘ரோனு’ என்று பெயர் பெற்ற புயலின் கரு அப்போது இலங்கைக்கு அருகே நிலைகொண்டிருந்தது. பெயர்ந்த மண் அடிவாரத்தில் தங்கவில்லை. சிரிபுர, எலங்கப்பிட்டிய, பல்லேபாகே ஊர்களின் வீடுகளை வாரிச் சுருட்டிக்கொண்டு ஏறத்தாழ இரண்டு கிலோமீற்றர் ஓடியது. நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள் அல்லது காணாமல் போனார்கள். பலருடைய உடல்கள் கடைசிவரை கிடைக்கவில்லை. அதே நாள், அதே மாவட்டம், புளத்கொஹுபிட்டிய களுப்பஹன தோட்டத்தில், தொழிலாளரின் வரிசைக் குடியிருப்பான லயத்தின் மேல் மண் சரிந்து பத்துக்கும் மேற்பட்ட தோட்ட மக்கள் மாண்டார்கள்.

மலை ஏன் சரிந்தது என்று கேட்டால் மழை என்று எவரும் சொல்லிவிடுவார்கள். சரிந்தது ஏன் நிற்கவில்லை என்பது வேறு கேள்வி, அதைவிடக் கடினமான கேள்வி. காய்ந்த மணலைக் கொட்டிக் குவித்தால் குவியலின் சரிவு 30 முதல் 35 பாகைக்குள் நின்றுவிடும். அதைவிடத் தட்டையான நிலத்துக்கு வந்ததும் மணிக்கு மணி உரசி அந்த உராய்விலேயே ஓட்டம் அடங்கிவிட வேண்டும். ஆனால் மழைக்காலச் சேற்றோட்டம் 10 பாகைச் சரிவிலும் ஓடுகிறது, 5 பாகையிலும் ஓடுகிறது, வயல்வெளிக்கு வந்து சேர்ந்த பிறகும் ஓடுகிறது. மலையின் கீழே எந்த லயம் தப்பும், எது தப்பாது என்பது முழுக்க இந்த ஓட்டத்தின் நீளத்தைப் பொறுத்தது. அந்த நீளத்தை முன்கூட்டியே கணக்கிட முடியுமா என்று உலகெங்கும் பலர் ஐம்பது ஆண்டுகளாகக் கணினியோடு மல்லாடுகிறார்கள். முடியும் என்பதற்கு மிக அருகில் வந்திருக்கிறோம். மிச்சமிருக்கும் தடை கணினியில் இல்லை என்பது என் எண்ணம். ஆனால் அதற்கு முன், சேற்றுக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்துவிட வேண்டும்.

அரநாயக்க அமைந்த சப்ரகமுவ மாகாணத்து மலைகளின் அடியில் இருப்பவை மிகப் பழைய உருமாறிய பாறைகள்: நைஸ், சார்னொக்கைட். சென்னைப் பரங்கிமலையிலும் பல்லாவரத்திலும் கிடைக்கும் அதே சார்னொக்கைட்தான். வெயிலும் மழையும் காலம் காலமாக இந்தப் பாறையை உக்கவைத்து, பல மீற்றர் ஆழத்துக்குச் செம்மண்ணாகவும் களியாகவும் மாற்றியிருக்கின்றன. நடுநடுவே உக்காத பாறாங்கற்கள் அப்படியே புதைந்து கிடக்கின்றன. ஆக, ஒரு சேற்றோட்டத்தில் ஒரு மில்லிமீற்றரில் ஆயிரத்தில் இரண்டு பங்கே உள்ள களித்துகளும் இருக்கும், மணலும் இருக்கும், லொறி அளவுக் கல்லும் இருக்கும். மூன்றுக்கும் இடையே தண்ணீர்.

இவற்றில் களி செய்யும் வேலை தனி. திரவத்தில் அமிழும் சிறு உருண்டையின் வேகத்துக்கு 1851இல் ஜோர்ஜ் கேப்ரியல் ஸ்டோக்ஸ் ஒரு சூத்திரம் தந்தார். அதன்படி பார்த்தால், அசையாத தண்ணீரில் களித்துகள் ஒன்று ஒரு மீற்றர் கீழே இறங்க மூன்று நாளுக்கு மேல் ஆகும். சேற்றோட்டம் சில நிமிடங்களில் முடிந்துவிடுகிறது. அந்த நேரத்துக்குள் களி எங்கும் படியாது. ஆகவே அதைத் திடப்பொருள் என்று எண்ணுவதைவிடத் தண்ணீரின் பகுதியாகவே எண்ணுவது சரி. களி கரைந்த தண்ணீர் பாகுபோல் தடிக்கிறது, கனக்கிறது. மணலும் சேர்ந்த கலவையின் அடர்த்தி தண்ணீரைப்போல் இரு மடங்கை எட்டும். பாறையின் அடர்த்தியோ தண்ணீரைப்போல் 2.65 மடங்கு. அப்படிப்பட்ட கலவைக்குள் மூழ்கிய பாறாங்கல் தன் எடையில் முக்கால் பங்கை இழந்துவிடுகிறது. ஆள் அசைக்க முடியாத கல்லைச் சேறு தூக்கிக்கொண்டு போவதன் முதல் இரகசியம் இது.

அடுத்தது மோதல். திரவத்துக்குள் இரண்டு மணிகள் மோதுவது காற்றில் மோதுவதுபோல் நடப்பதில்லை. இரண்டும் நெருங்கும்போது நடுவில் அகப்பட்ட தண்ணீர் வெளியே பிதுங்க வேண்டும். இடைவெளி பாதியானால் தடைவிசை இரு மடங்கு, பத்தில் ஒன்றானால் பத்து மடங்கு. துல்லியமான உருண்டைகளாக இருந்தால் அவை ஒன்றையொன்று தொடவே முடியாது என்றுகூடக் கணக்கு சொல்கிறது. இயற்கை மணிகளின் மேற்பரப்பில் உள்ள நுண்ணிய மேடுபள்ளங்கள்தாம் அந்தத் தொடுகையைச் சாத்தியமாக்குகின்றன.

மோதியபின் மணி பின்னோக்கித் துள்ளுமா, ஒட்டியதுபோல் நிற்குமா? 2001இல் அமெரிக்காவின் கால்டெக் ஆய்வுக்கூடத்தில் ஊசலில் கட்டிய உருண்டைகளைத் திரவத்துக்குள் ஒரு சுவரில் மோதவிட்டுப் பார்த்தார்கள். விடை ஒரே எண்ணில் அடங்கியது. மணியின் அடர்த்தி, விட்டம், வேகம் மூன்றையும் பெருக்கி, திரவத்தின் பாகுத்தன்மையைப்போல் ஒன்பது மடங்கால் வகுத்தால் வருவது ஸ்டோக்ஸ் எண். அது ஏறத்தாழ 10க்குக் கீழே இருந்தால் மணி துள்ளுவதே இல்லை. மோதலின் ஆற்றல் முழுவதையும் தண்ணீர் தின்றுவிடுகிறது. செக்கனுக்கு 10 சென்ரிமீற்றர் வேகத்தில் தண்ணீருக்குள் மோதும் ஒரு மில்லிமீற்றர் மணலுக்கு இந்த எண் ஏறத்தாழ 30: சிறிது துள்ளும். அதில் பத்திலொரு பங்கு அளவுள்ள நுண்மணலுக்கு 3: துள்ளாது. செக்கனுக்கு ஒரு மீற்றர் வேகத்தில் வரும் 10 சென்ரிமீற்றர் கல்லுக்கு ஏறத்தாழ 30,000. தண்ணீர் இருப்பதையே அது பொருட்படுத்தாது. தண்ணீருக்குப் பதிலாக நூறு மடங்கு பாகான களிச்சேறு என்று வைத்தாலும் கல்லுக்கு 300 மிஞ்சுகிறது, மணலுக்கு ஒன்றுகூட மிஞ்சுவதில்லை. ஒரே ஓட்டத்துக்குள் கற்கள் ஒரு விதிக்கும் மணல் இன்னொரு விதிக்கும் கட்டுப்படுகின்றன. கணினிக்கு வரும் தலைவலி இங்கேயே தொடங்குகிறது.

மோதல்களை எல்லாம் கூட்டினால் ஓட்டத்துக்கு என்ன ஆகும் என்று முதலில் அளந்து பார்த்தவர் ரால்ஃப் பாக்னோல்ட். பிரித்தானிய இராணுவப் பொறியாளர், லிபியப் பாலைவனத்தில் மோட்டார் வண்டி ஓட்டித் திரிந்தவர், மணல்மேடுகளின் இயற்பியலை எழுதியவர். 1954இல் மெழுகோடு ஈயச் சேர்மம் ஒன்றைக் கலந்து, 1.3 மில்லிமீற்றர் அளவில், தண்ணீரின் அதே அடர்த்தியில் உருண்டைகள் செய்தார். ஒன்றுக்குள் ஒன்றாக நிறுத்திய இரண்டு உருளைகளின் இடைவெளியில் அவற்றைத் தண்ணீரோடு நிரப்பி, வெளி உருளையைச் சுழற்றினார். மெதுவாகச் சுழற்றியபோது தடைவிசை வேகத்தோடு நேர்விகிதத்தில் ஏறியது. வேகமாகச் சுழற்றியபோது வேகத்தின் வர்க்கத்தோடு ஏறியது. அவர் தந்த விளக்கம் அழகானது. வேகம் இரு மடங்கானால் ஒரு செக்கனில் நிகழும் மோதல்களும் இரு மடங்கு, ஒவ்வொரு மோதலின் வலுவும் இரு மடங்கு, ஆகவே மொத்தம் நான்கு மடங்கு. மோதும் மணிகள் ஒன்றையொன்று தள்ளுவதால் பக்கவாட்டிலும் ஓர் அழுத்தம் பிறக்கிறது என்றும் காட்டினார்.

1970களின் பிற்பகுதியில் கியோட்டோ பல்கலைக்கழகத்தின் தாமொட்சு தகஹாஷி இந்த விதியைச் சேற்றோட்டத்துக்குப் பொருத்தினார். அதன்பின் பல கணிப்புகளின் அடித்தளமாக அது நின்றது. 2002இல் அதே கால்டெக்கின் மெலனி ஹண்டும் கூட்டாளிகளும் பாக்னோல்டின் பழைய அளவீடுகளை மீண்டும் எடுத்து ஆராய்ந்தார்கள். உருளை குட்டையாக இருந்ததால் அதன் இரு முனைகளிலும் தண்ணீர் தனியே சுழன்றிருக்கிறது. வர்க்க விதியாகத் தெரிந்ததில் பெரும்பங்கு அந்தச் சுழற்சியால் வந்தது என்று கண்டார்கள். நாற்பத்தெட்டு ஆண்டுகள் மேற்கோள் காட்டப்பட்ட பரிசோதனை அது. பாக்னோல்டின் கருத்து இதனால் பொய்யாகிவிடவில்லை, காய்ந்த மணிகளின் வேகமான ஓட்டத்தில் வர்க்க விதி இன்றும் நிற்கிறது. ஆனால் தண்ணீரும் மணியும் சேர்ந்த கலவையில் எத்தனை பங்கு மோதல், எத்தனை பங்கு தண்ணீர் என்பதை ஒரே சூத்திரத்தில் அடைத்துவிட முடியாது என்பது தெளிவாயிற்று. மணிகளை ஒவ்வொன்றாகப் பின்தொடர வேண்டியதாயிற்று.

அதற்கான வழியைப் பாறைப் பொறியியலில் இருந்த பீற்றர் கண்டல் 1971இலேயே தொடங்கியிருந்தார். 1979இல் ஒட்டோ ஸ்ட்ராக்கோடு சேர்ந்து அவர் வெளியிட்ட கட்டுரையில் அது முழு வடிவம் பெற்றது. வழி எளியது. ஒவ்வொரு மணிக்கும் இடம், வேகம், சுழற்சி ஆகியவற்றைக் கணினி நினைவில் வைத்துக்கொள்ளும். அடுத்தடுத்த இரண்டு மணிகளின் மையங்களுக்கு இடையிலான தூரம் அவற்றின் ஆரங்களின் கூட்டுத்தொகையைவிடக் குறைந்தால் அவை மோதிவிட்டன என்று பொருள். எவ்வளவு நெரிந்திருக்கின்றனவோ அவ்வளவு விசையோடு ஒரு சுருள்வில் அவற்றைப் பிரித்துத் தள்ளுவதாகவும், மோதலில் கொஞ்சம் ஆற்றல் வீணாவதாகவும், ஓர் அளவுக்கு மேல் பக்கவாட்டு விசை வந்தால் வழுக்கிவிடுவதாகவும் வைத்துக்கொள்வார்கள். எல்லா விசைகளையும் கூட்டி, நியூட்டனின் இரண்டாம் விதியைப் போட்டு, மணியை ஒரு நுண்கணம் நகர்த்த வேண்டும். பிறகு மீண்டும் முதலிலிருந்து. மணிகளுக்கிடையே தண்ணீர் இருந்தால் அந்த வெளியைச் சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் நீரின் வேகத்தையும் அழுத்தத்தையும் தனியே கணக்கிட வேண்டும். நீர் மணியை இழுக்கும், மணி நீரை இழுக்கும். இரண்டு கணக்கும் ஒவ்வொரு கணத்திலும் ஒன்றுக்கொன்று செய்தி சொல்லிக்கொள்ள வேண்டும். மணிகள் மிக நெருங்கி, நடுவிலுள்ள தண்ணீர்ப் படலம் கட்டத்தின் அளவைவிட மெலிந்துபோனால் அந்தப் பிதுங்கல் விசையைக் கட்டங்களால் பார்க்க முடியாது. அதைச் சூத்திரத்தால் தனியே சேர்க்கிறார்கள். எந்த இடைவெளியில் அந்தச் சூத்திரத்தை நிறுத்துவது என்பதைக் கணிப்பவர்தான் முடிவு செய்கிறார். கட்டுரைகளில் பெரும்பாலும் ஒரு வரியில் கடந்துபோகும் இந்த முடிவு விடையையே மாற்றக்கூடியது. அதை வெளிப்படையாகச் சொல்லாத கணிப்பை நான் நம்பமாட்டேன்.

எல்லா மணிகளையும் எல்லா மணிகளோடும் ஒப்பிட வேண்டியதில்லை. ஆயிரம் மணிகளுக்கே கிட்டத்தட்ட ஐந்து இலட்சம் இணைகள் வரும். வெளியைப் பெட்டிகளாகப் பிரித்து, பக்கத்துப் பெட்டிகளில் இருப்பவற்றை மட்டும் பார்த்தால் அது சில ஆயிரமாகச் சுருங்கிவிடும். இந்தத் தந்திரம் இருந்தும் மலைக்கு முன்னால் கணினி தோற்றுப்போகிறது. எப்படி என்று கணக்குப் போட்டே பார்க்கலாம். ஒரு மில்லிமீற்றர் மணல் நெருக்கமாக அடுக்கினால் ஒரு கன மீற்றரில் நூறு கோடிக்கும் மேல் இருக்கும். இரண்டு மணல் மணிகள் மோதிப் பிரிய ஒரு செக்கனில் பத்து இலட்சத்தில் சில பங்கு நேரமே எடுக்கும். அந்த மோதலைச் சரியாகப் பிடிக்க அதிலும் ஐம்பதில் ஒரு பங்காக நேரத்தை நறுக்க வேண்டும். இரண்டு நிமிட ஓட்டத்துக்கு நூறு கோடிக்கும் மேற்பட்ட அடிகள். நூறு கோடி மணியை நூறு கோடி அடிகளால் பெருக்கினால் 1க்குப் பின்னால் 18 சுழியங்கள். ஒவ்வொன்றுக்கும் பல நூறு கூட்டல் பெருக்கல்கள். 2022இல் அமெரிக்காவின் ஓக் ரிட்ஜில் இயங்கத் தொடங்கிய ஃபிரன்டியர் என்ற மீக்கணினி ஒரு செக்கனில் 1க்குப் பின் 18 சுழியங்கள் உள்ள அளவு கணக்குகளைச் செய்கிறது. ஒரே ஒரு கன மீற்றர் மணலுக்கே அதுகூடச் சில நிமிடங்கள் உழைக்க வேண்டும். இதில் தண்ணீரின் கணக்கு இன்னும் சேரவில்லை, களியைத் தொடவே இல்லை. பெரிய மண்சரிவு ஒன்றில் இலட்சக்கணக்கான கன மீற்றர் மண் நகர்கிறது.

ஆகவே சமரசங்கள். ஆயிரம் மணிகளுக்குப் பதில் ஒரு பெரிய போலி மணியை வைப்பது ஒன்று. சுருள்வில்லை வேண்டுமென்றே தளர்த்தி, மோதல் நேரத்தை நீட்டி, பெரிய அடிகளாக வைப்பது மற்றொன்று. இரண்டும் அளவோடு செய்தால் தீங்கில்லை. தனி மணி எங்கே போகிறது என்பது நமக்குத் தேவையும் இல்லை. தொடக்கத்தில் ஒரு மணியை மயிரிழை நகர்த்திவைத்தாலே சில மோதல்களுக்குள் அதன் பாதை முற்றிலும் வேறாகிவிடும், ஆனால் கூட்டத்தின் சராசரி வேகமும் அழுத்தமும் அப்படியே இருக்கும். நாம் கேட்பது அந்தச் சராசரியைத்தான்.

சிறிய அளவில் மணிகளைப் பின்தொடர்ந்த கணிப்புகள் பெரிய ஓட்டத்தைப் பற்றிப் பல உண்மைகளைச் சொல்லித் தந்திருக்கின்றன. ஓடும் கலவையில் பெரிய கற்கள் மேலே வந்து, பிறகு முன்னணிக்குப் போய்ச் சேர்வது அவற்றில் ஒன்று. மணிகள் அசையும்போது இடையே சிறு வெளிகள் திறந்து மூடுகின்றன. சின்ன மணி அந்த வெளிக்குள் விழும், பெரிய கல்லால் விழ முடியாது, ஆகவே அது மேலேறுகிறது. மேல்படலம் அடிப்படலத்தைவிட வேகமாக ஓடுவதால் மேலேறிய கற்கள் முன்னுக்கு வந்துவிடுகின்றன. சேற்றோட்டம் முதலில் கற்சுவராக வந்து மோதுவதும், பின்னால் மெல்லிய சேறு வருவதும் இதனால். இரத்தினபுரியில் மாணிக்கக்கல் தேடுவோர் குழி தோண்டி எட்டுகிற ‘இல்லம’ எனும் சரளை அடுக்கும் பழைய வெள்ளங்கள் கற்களைத் தரம்பிரித்துப் போட்டுவிட்டுப் போன மிச்சம்தான். அந்தச் சரளையைக் கூடையில் போட்டுத் தண்ணீருக்குள் சுழற்றும்போது தண்ணீரைப்போல் 4 மடங்கு அடர்த்தியுள்ள நீலக்கல் அடியில் தங்க, 2.65 மடங்கு அடர்த்தியுள்ள வெள்ளைக்கல் தெறித்து விலகுகிறது. மணிகளின் மோதலைச் சப்ரகமுவ மக்கள் நூற்றாண்டுகளாகக் கையால் அறிந்தே வைத்திருக்கிறார்கள்.

இப்போது, சரிந்தது ஏன் நிற்கவில்லை என்ற கேள்விக்கு வரலாம். அடியில் ஏன் உராய்வு இல்லாமல் போகிறது? விடை, மணிகளுக்கிடையே மாட்டிக்கொண்ட தண்ணீரின் அழுத்தம். மணிகள் ஒன்றையொன்று அழுத்தினால்தான் உராய்வு. மேலே உள்ள மண்ணின் பாரத்தைத் தண்ணீர் தாங்கிக்கொண்டால் மணிக்கு மணி அழுத்தம் இல்லை, உராய்வும் இல்லை. அமெரிக்கப் புவியியல் ஆய்வகத்தின் ரிச்சர்ட் ஐவர்சன் ஒரிகன் மாநிலக் காட்டுக்குள் 95 மீற்றர் நீளமும் 2 மீற்றர் அகலமும் 31 பாகைச் சரிவும் கொண்ட ஒரு கொங்கிரீட் வாய்க்காலில் உண்மையான மண்ணையும் சரளையையும் ஓடவிட்டு இதை அளந்தார். முன்னணிக் கற்களுக்கிடையே நீரழுத்தம் கிட்டத்தட்ட இல்லை. பின்னால் வரும் சேற்றில் அது மண்ணின் பாரத்தையே தாங்கும் அளவுக்கு இருந்தது. முன்னால் வரும் கற்சுவர்தான் ஓட்டத்தை நிறுத்தப் பார்க்கிறது, பின்னால் வரும் திரவம் அதைத் தள்ளிக்கொண்டே போகிறது.

அந்த அழுத்தம் எவ்வளவு நேரம் நீடிக்கும்? மண்ணுக்குள்ளிருந்து தண்ணீர் கசிந்து வெளியேற எவ்வளவு நேரமோ அவ்வளவு நேரம். ஒரு மீற்றர் தடிப்புள்ள மணலும் சரளையும் கலந்த அடுக்கில் மணிக்கணக்கு, களி நிறைந்த அடுக்கில் நாட்கணக்கு. ஓட்டமோ நிமிடங்களில் முடிகிறது. சப்ரகமுவவின் உக்கிய மண்ணில் களி நிறைய. அதனால்தான் மண் நிற்கவில்லை.

ஐவர்சன் குழு 2000இல் வெளியிட்ட இன்னொரு பரிசோதனை என்னை இன்றும் உலுக்குகிறது. ஒரே மண்ணை இரண்டு விதமாக நிரப்பினார்கள். ஒன்றில் மணிகளுக்கிடையேயான வெற்றிடம் மொத்தக் கனவளவில் பாதி, மற்றதில் பத்தில் நான்கு பங்கு. இரண்டையும் தண்ணீரால் நனைத்துச் சரியவிட்டார்கள். தளர்வான மண் ஒரே செக்கனுக்குள், செக்கனுக்கு ஒரு மீற்றரைத் தாண்டிய வேகத்தில் பாய்ந்தது. இறுகிய மண் நின்று நின்று செக்கனுக்குச் சில மில்லிமீற்றர் ஊர்ந்தது. சுண்டில் அள்ளிய அரிசியைத் தட்டினால் மட்டம் இறங்குவதுபோலத் தளர்ந்த மண் அசைந்ததும் சுருங்கப் பார்க்கிறது. இடையில் உள்ள தண்ணீருக்குப் போக இடமில்லாமல் அழுத்தம் ஏறுகிறது. இறுகிய மண் அசைய வேண்டுமானால் முதலில் விரிய வேண்டும். விரிந்தால் அழுத்தம் இறங்கி, மணிகள் மீண்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்கின்றன. ஓடி வந்து கொல்லும் மலைக்கும் மெதுவாக ஊர்ந்து எச்சரிக்கும் மலைக்கும் இடையில் இருந்த வித்தியாசம் பத்தில் ஒரு பங்கு வெற்றிடம்.

மலையளவுக்குக் கணிக்க வேண்டுமானால் தனி மணிகளை மறந்துவிட்டு, ஓட்டத்தைப் பக்கம் பக்கமாக நிற்கும் மண் தூண்களாகப் பார்க்கிறார்கள். மணிகள் கற்றுத்தந்த உராய்வையும் நீரழுத்தத்தையும் தூணின் அடியில் வைத்துவிட்டு, தூண்கள் ஒன்றையொன்று தள்ளுவதைக் கணக்கிடுகிறார்கள். சாதாரண மேசைக் கணினியே போதும். ஜப்பானின் கியோஜி சாசா உருவாக்கிய எல்எஸ்-ரெபிட் அப்படிப்பட்ட நிரல். அதற்கு வேண்டிய எண்களை அவர் ஒரு வளைய வடிவக் கருவியில் உண்மையான மண்ணை வைத்து, பாரம் ஏற்றிச் சுழற்றி அளக்கிறார். வழுக்கும் தளத்தில் மணிகள் மோதி நொறுங்கித் துகள்களாகிச் சுருங்குவதாலும் நீரழுத்தம் ஏறுகிறது என்பது அவர் நெடுங்காலமாகக் காட்டிவரும் கருத்து. அரநாயக்கச் சரிவை ஜப்பானிய ஆய்வாளர்களும் இலங்கையின் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தாரும் சேர்ந்து இந்த நிரலில் ஓட்டிப் பார்த்து 2019இல் வெளியிட்டார்கள். அதைத் தொடர்ந்து, வேகமாக நெடுந்தூரம் ஓடும் சரிவுகளை முன்கூட்டி அறிவிப்பதற்காகக் கசுவோ கொனகாயின் தலைமையில் நடந்த கூட்டுத் திட்டத்துக்கும் அரநாயக்கவே மாதிரி இடமாயிற்று.

இன்று இலங்கையில் நமக்குக் கிடைக்கும் மண்சரிவு எச்சரிக்கை முதன்மையாக மழையளவை வைத்தது. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் பெய்தால் மஞ்சள், 100 என்றால் செம்மஞ்சள், 150 என்றால் சிவப்பு. இது பல உயிர்களைக் காத்திருக்கிறது, அதில் ஐயமில்லை. ஆனால் அது எந்த லயத்துக்கு என்று சொல்லாது. பிரதேச செயலகப் பிரிவு முழுவதற்கும் ஒரே நிறம். மழைக்காலத்தில் பல முறை சிவப்பு விழுந்து ஒன்றும் நடக்காமல் போனால், அடுத்த முறை குழந்தைகளையும் முதியவர்களையும் கூட்டிக்கொண்டு இரவில் பாடசாலைக் கட்டடத்துக்குப் போக யாருக்கு மனம் வரும்? மறுநாள் பிரட்டுக்கு, அதாவது தோட்டத்தின் காலை வேலைப்பதிவுக்கு, போகாவிட்டால் அன்றைய சம்பளம் இல்லை.

லயங்கள் இருக்கும் இடங்களைப் பாருங்கள். நல்ல சரிவுகளில் தேயிலையும் இறப்பரும். எஞ்சிய மடுக்களில், ஓடைக்கரைகளில், மலையடித் தட்டைகளில் லயம். அந்தத் தட்டைகளில் பல, முன்னொரு காலத்துச் சரிவு கொண்டுவந்து கொட்டிய மண்தான். தளர்ந்த மண். 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் விழுந்ததும் லயங்களின் மேல். 2020 ஓகஸ்டில் கேரளத்து மூணாற்றுக்கு அருகே பெட்டிமுடியில் எழுபது தமிழ்த் தொழிலாளர் குடும்பத்தவர்கள் புதையுண்டதும் லயங்களில். 2024 யூலையில் வயநாட்டு முண்டக்கையிலும் சூரல்மலையிலும் நூற்றுக்கணக்கானோரைக் கொன்ற சேறு ஆற்று வழியே ஏறத்தாழ எட்டுக் கிலோமீற்றர் ஓடியது. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் மலையகமெங்கும் மலைகளை உடைத்தது. இந்த இடங்கள் எல்லாவற்றிலும் மக்கள் குடியிருந்தது ஓட்டத்தின் பாதையில். லயங்களில் இருந்தவர்கள் அந்த இடத்தைத் தெரிந்தெடுக்கவில்லை.

கணிப்பு ஒவ்வொரு லயத்துக்கும் மூன்று எண்களைத் தர முடியும்: சேறு வந்து சேருமா, எத்தனை மீற்றர் தடிப்பில், எத்தனை வேகத்தில். செக்கனுக்கு 5 மீற்றர் வேகத்தில் வரும் சேறு ஒரு சுவரின் ஒவ்வொரு சதுர மீற்றரிலும் ஏறத்தாழ 5 தொன் பாரத்துக்குச் சமமாகத் தள்ளும். நூறாண்டு பழைய கருங்கல் சுவர் அதைத் தாங்காது. செக்கனுக்கு 10 மீற்றர் வேகத்தில் அது இரண்டு கிலோமீற்றரைக் கடக்க மூன்றரை நிமிடம்கூட ஆகாது. மலை உடைந்த பிறகு ஓட நேரமில்லை. ஆகவே எந்த லயத்தை மழைக்கு முன்பே நிரந்தரமாக வேறிடத்துக்கு மாற்ற வேண்டும், எது இருந்த இடத்திலேயே இருக்கலாம் என்று இப்போதே, வெயில் காலத்திலேயே, தோட்டம் தோட்டமாகச் சொல்லும் வரைபடம் வேண்டும். தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் அபாய வலய வரைபடங்கள் எங்கே உடையக்கூடும் என்று காட்டுகின்றன. உடைந்தது எங்கே வந்து நிற்கும் என்பதையும் அதே தாளில் வரைய வேண்டும்.

நிரல் இருக்கிறது, கணினி இருக்கிறது. பெலிஹுல்ஓயாவில் சப்ரகமுவ பல்கலைக்கழகத்தில் நில அளவை கற்ற பிள்ளைகள் இருக்கிறார்கள், அவர்களில் தோட்டத்துப் பிள்ளைகளும் உண்டு. இல்லாதது மண்ணின் எண்கள். ஐவர்சனின் பரிசோதனையில் விடையை மாற்றிய அந்த ஓர் எண், வெற்றிடத்தின் பங்கு, அதை அளக்க மீக்கணினியும் வேண்டாம், வெளிநாட்டுக் கருவியும் வேண்டாம். கனவளவு தெரிந்த ஓர் உருக்கு வளையத்தை மண்ணுக்குள் அடித்து இறக்கி, நிறைந்த மண்ணை அப்படியே எடுத்து, 105 பாகை செல்சியசில் ஒரு நாள் உலர்த்தி நிறுக்க வேண்டும். நிறையைக் கனவளவால் வகுத்து, வந்ததைப் பாறையின் அடர்த்தியோடு ஒப்பிட்டால் விடை. மேலே, நடுவே, கீழே என்று ஒரு சரிவுக்குச் சில இடங்கள், ஒவ்வொன்றிலும் சில ஆழங்கள். தெரணியகலை, எட்டியாந்தோட்டை, புளத்கொஹுபிட்டிய, கலவான, நிவித்திகல என்று லயங்களுக்கு மேலே நிற்கும் மலைகளில் இந்த வேலையை, அடுத்த பருவமழை தொடங்குவதற்கு முன் முதல் தோட்டத்திலாவது, ஆரம்பித்துவிடலாம்.